ஆமைக்கு வேண்டிய குளிர்

இங்கிலாந்தின் வடபகுதியில் குடும்பத்தோடு வசித்துவரும் வாசகி ஒருவர், தம்முடைய பிள்ளை ஆமை வளர்த்தே தீரவேண்டுமென்று பிடிவாதம் செய்வதாகவும், வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாகக் கழியும் அந்தச் சீமையில் அதைத் தோட்டத்தில் விட்டுவைப்பது ஜீவஹிம்சை ஆகாதா என்று தமக்குச் சஞ்சலமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். ஆமையின் நடையையும் ஓட்டையும் பற்றி நம்மவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லையாதலால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள தேசங்களின் தரை ஆமைகள். மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குரிய ஹார்ஸ்பீல்டு ஆமையும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை தத்தம் சொந்த நாட்டிலேயே குளிர்காலத்தை மண்ணுக்குள் உறங்கிக் கழித்துப் பழகியவை. ஆகவே நல்ல குளிருக்கு அவை அஞ்சுவதில்லை. இன்று குளிர்ந்து நாளை வெதுவெதுத்து நாளை மறுநாள் நனைந்து கிடக்கும் நிச்சயமற்ற சீதோஷ்ணந்தான் அவற்றின் பிராணனை வாங்குகிறது.

இதற்குச் சாட்சியாக, இருநூறு வருஷங்களுக்கும் முன் வாழ்ந்த ஓர் ஆமையைக் கூப்பிடலாம். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் ஒயிட், தம் அத்தை நெடுங்காலம் வளர்த்துவந்த திமோத்தி என்னும் ஆமையை, அவ்வம்மையார் காலமான பின், 1780 மார்ச்சு மாதத்தில் அதன் உறக்கக் குழியிலிருந்து தோண்டியெடுத்துப் பெட்டியிலிட்டு, 80 மைல் தூரம் குதிரை வண்டியில் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் விழித்துக்கொண்ட அந்தப் பிராணி, தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இரண்டு முறை கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் குளிர் கண்டதும் மறுபடி மண்ணுக்குள் புகுந்துகொண்டதாம். அதை அடிக்கடி தராசிலிட்டு நிறுப்பதும், அது என்றைக்குக் குழி தோண்ட ஆரம்பிக்கிறது, என்றைக்கு எழுகிறது என்று நாட்குறிப்பில் பதிந்துவைப்பதும் அவருக்கு வழக்கமாயிற்று. வண்டி ஏறினாலும் தாங்கும் ஓட்டைச் சுமந்திருந்தும், ஒரு தூறல் விழுமுன்பே அது ஒண்ட இடம் தேடிப் போவதை அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அவர் கண்டவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது வேறொன்று. கோடை முடிந்து சூரியன் தென்திசையில் தாழ்ந்து போகும் நாட்களில், அந்த ஆமை சுவரோரம் சென்று, ஒரு விளிம்பு உயரும்படி ஓட்டைச் சுவரின்மேல் சாய்த்து, மெலிந்த கிரணங்களை நேருக்கு நேராக ஏற்றுக்கொண்டு கிடக்குமாம். சாய்வாக வரும் வெயில் தட்டையான பரப்பில் பரவி வலுவிழக்கும், பரப்பையும் சாய்த்தால் வலுவோடு விழும் என்பது நாம் கணித நூலில் படித்துத் தெரிந்துகொள்ளும் உண்மை. ஆமைக்கோ அது வயிற்றுப்பாடு. உடல் 30 டிகிரியை ஒட்டிச் சூடேறினாலொழியத் தின்ற இலை நன்றாக ஜீரணமாகாது. அந்நாட்டுக் கோடையோ நிழலில் 20 டிகிரியை எட்டுவதற்கே தயங்கும். ஆகையால் ஆமை வளர்ப்போர், தென்திசை நோக்கிய, காற்று அடிக்காத, தண்ணீர் தேங்காத மேட்டில் கண்ணாடி மூடிபோட்ட கூடு ஒன்றை அமைத்து, காலையில் அது அதற்குள் சூடேறிக்கொண்டு வெளியே மேயப் போகும்படி வழிவிடுகிறார்கள். எலும்பும் ஓடும் உறுதிப்படுவதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வராதாதலால், நாள் முழுவதும் கூட்டிலேயே அடைத்துவைப்பதும் தகாது.

இனி, குளிர்காலம். திமோத்தி நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, ஏறக்குறைய ஐந்து மாதம் மண்ணுக்குள் உறங்கிற்று. இக்காலத்து வளர்ப்போரில் பலர் மூன்று மாதமே போதும் என்கிறார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் உபாயம்தான் நம் நாட்டாரைத் திகைக்கச் செய்யும். மண் நிரப்பிய பெட்டியில் ஆமையை வைத்து, அந்தப் பெட்டியை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்!

கேட்கக் கொடூரமாகத் தோன்றினும் இது பரம கருணை. என் பாட்டி படுக்கப் போகுமுன் சிம்னி விளக்கின் திரியை, விளக்கும் அணையாமல் எண்ணெயும் செலவாகாமல் இருக்கும் ஓரிடம் பார்த்து இறக்கிவைப்பாள். ஆமையின் ஜீவனுக்கு அந்த இடம் 5 டிகிரி. உஷ்ணம் 10 டிகிரியைத் தாண்டினால் அது அரைத் தூக்கத்தில் விழித்து, உண்ண வழியில்லாமல் சேமித்த கொழுப்பையும் நீரையும் செலவழிக்கத் தொடங்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ கண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து குருடாகிவிடக்கூடும். பிப்ரவரி மாதத்தில் இரண்டு நாள் இளவெயில் அடித்து மூன்றாம் நாள் உறைபனி கொட்டும் அந்நாட்டில், தோட்டத்து மண்ணை நம்புவதைக் காட்டிலும் இந்த இயந்திரத்தை நம்புவது புத்திசாலித்தனம். உஷ்ணம் ஏறி இறங்காதிருக்கத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே அடுக்கி, உஷ்ணமானி ஒன்றையும் வைத்து, அதன் சொற்ப மூச்சுக்கு வேண்டிய காற்றுக்காகத் தினந்தோறும் சற்றுநேரம் கதவைத் திறந்து மூடுகிறார்கள். வாரந்தோறும் நிறுத்தும் பார்க்கிறார்கள். உறங்கப் போனபோதிருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், உறக்கத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாலும், தவணை முடியுமுன்பே எழுப்பிவிட வேண்டும்.

உறங்க வைக்குமுன் இரண்டு மூன்று வாரம் இரை கொடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி உட்காரவைத்துக் குடலைக் காலி செய்வதும் அவசியம்; குளிரில் ஜீரணம் நின்றுபோகவே, உள்ளே தங்கிய இரை அழுகிவிடும். எழுந்ததும் இரையை நீட்டுவதற்கு முன்னால் மறுபடி அதே ஸ்நானந்தான். தாகம் தீர்ந்தால் பசி தானாக வரும்.

இந்த ஞானமெல்லாம் எளிதில் வந்ததன்று. 1984-ஆம் வருஷம் பிரிட்டனில் இவ்வாமைகளின் வியாபார இறக்குமதி தடைசெய்யப்படும் வரையில், லட்சக்கணக்கானவை வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மூட்டை முடிச்சுகளைப் போலக் கப்பலேறி வந்து, அற்ப விலைக்கு விலைபோய், முதற் குளிர்காலத்தைக்கூடத் தாண்டாமல் கூட்டங் கூட்டமாக மடிந்தன. ரொட்டியும் பாலும் கொடுத்தவர்கள் உண்டு. ஓடிப் போகாதிருக்க ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டியவர்களும் உண்டு. அந்த ஓடு உணர்ச்சியுள்ள எலும்பு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும். திமோத்தியையே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்; அது இறந்தபின் ஓட்டைப் பரிசோதித்தவர்தாம் பெண் என்று கண்டுபிடித்தார். அந்த ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம்மவர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. தென்னாட்டிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை, அதன் ஓட்டிலுள்ள மஞ்சள் கோலத்துக்கு ஆசைப்பட்டு, துணிகளுக்கிடையே சுற்றிப் பெட்டிகளில் திணித்து விமானமேற்றுகிற பாதகம் இன்னும் நின்றபாடில்லை. சென்னை விமான நிலையத்திலும் பிடிபட்டிருக்கின்றன. நம் தேசத்தில் அதை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காட்டிலிருந்து பிடித்தவற்றின் சர்வதேச வியாபாரமும் 2019-இல் அடியோடு விலக்கப்பட்டுவிட்டது. நட்சத்திர ஆமைக்கோ திமோத்தியைப் போல நெடிய குளிர்கால உறக்கம் கிடையாது. திமோத்தி சுகமாகத் தூங்கிய குளிரில் அது சுவாச நோய் கண்டு செத்துப்போகும். பண்ணையில் பிறந்ததை உரிய பத்திரங்களோடு வாங்கி இங்கிலாந்தில் வளர்ப்பவர்கள், வெப்ப விளக்கெரியும் அறையிலேயே வருஷத்தின் பெரும்பகுதியும் அதைக் காக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் மேயவிட ஆமை வேண்டுமென்பவர்கள் அதைத் தேடிப் போகாதிருப்பதே நலம்.