சூடு பொறுக்காத கல்

கல் என்றால் நிலையானது என்பது நம் எண்ணம். அழியக்கூடாத வாக்கைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். இரக்கம் இல்லாதவனைக் கல் நெஞ்சன் என்கிறோம். ஆயினும், குளிர்ந்த நீரிலிருந்து எடுத்து அறையில் வைத்தால் வெகு நேரம் செல்லுமுன் தண்ணீரும் வெண்பொடியுமாகப் பிரிந்து போகும் கல் ஒன்று உலகில் உண்டு. இக்காயிட் என்பது அதன் பெயர்.

இதன் சரக்கு நமக்குப் புதியதன்று. தாம்பூலத்துக்கான சுண்ணாம்பு கிளிஞ்சலையும் சுண்ணாம்புக் கல்லையும் சுட்டுச் செய்யப்படுகிறதல்லவா? அவை எந்தக் கால்ஸியம் கார்பனேட்டால் ஆனவையோ, இக்காயிட்டும் அதனாலேயே ஆனது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இதில் கால்ஸியம் கார்பனேட்டின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னுடன் பிணைத்து வைத்திருக்கிறது. நிறுத்துப் பார்த்தால் 100 பங்கில் 52 பங்கு தண்ணீரே!

கல்லுக்குள் தண்ணீரா என்று வாசகர்கள் ஐயுற வேண்டாம். படிகாரத்தை இரும்புக் கரண்டியில் இட்டு அடுப்பில் காட்டினால் அது உருகிப் பொங்கிப் பொரிவதை வீட்டுப் பாட்டிமார் அறிவார்கள். படிகாரத்தில் கட்டுண்டிருந்த நீர் அப்போது ஆவியாகி வெளியேறுகிறது. படிகாரத்துக்கு அடுப்பு வேண்டும். இக்காயிட்டுக்கோ சுமார் 7 டிகிரி செல்ஸியஸைத் தாண்டிய உஷ்ணமே போதும்.

கடலடித் தூண்கள்

1865-ஆம் ஆண்டிலேயே பெலூஸ் என்ற பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி இப்பொருளைத் தம் சோதனைச் சாலையில் செய்துவிட்டார். இயற்கையில் இது இருப்பது தெரிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. கிரீன்லாந்தின் தென்மேற்கில், மலைகளுக்கு நடுவே குறுகி நீண்டு நுழையும் இக்கா என்னும் கடற்கழியில், டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் பௌலி இதைக் கண்டு 1963-ல் உலகுக்கு அறிவித்தார். இடத்தின் பெயரே கல்லுக்கும் ஆயிற்று.

அங்கே கடலடியில் நூற்றுக்கணக்கான வெண் தூண்கள் நிற்கின்றன. சில 18 மீட்டர் வரை உயர்ந்தவை. நான்கைந்து மாடி உயரம் என்று கொள்ளலாம். இவற்றை எழுப்பும் சிற்பி ஊற்று நீரே. பக்கத்து மலையில் கார்பனேட் நிறைந்த அபூர்வமான எரிமலைக் குழம்புப் பாறை இருக்கிறது. அதனூடே கசியும் நீர் கார்பனேட்டையும் பாஸ்பேட்டையும் கரைத்துக்கொண்டு, காரம் மிகுந்து, கடலடியில் ஊறி வெளிவருகிறது. கடல் நீர் கால்ஸியத்தைத் தருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் கல் பிறக்கிறது. சாதாரணமாக அங்கே கால்ஸைட் என்ற உறுதியான சுண்ணாம்புப் படிகமே தோன்றவேண்டும். ஆனால் பாஸ்பேட் அதைத் தோன்றவொட்டாமல் தடுக்கிறது. குளிர் இக்காயிட்டைத் தாங்கி நிற்கிறது. ஊற்று நீர் கடல் நீரைவிட லேசானதாகையால் மேல்நோக்கிச் செல்ல, அதனுடன் தூணும் வளர்கிறது.

வடிவம் சொல்லும் சாட்சி

இக்காயிட் சிதைந்தால் எப்போதும் சுவடின்றிப் போவதில்லை. சேற்றுக்குள் புதைந்த படிகத்திலிருந்து நீர் நீங்கினால், மூன்றில் ஒரு பங்கு பருமனுக்குக் கால்ஸைட் மிஞ்சும். பின்னால் வேறு சுண்ணாம்பும் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பும். பழைய கல் போய்விடும். அதன் கூர்முனை வடிவம் மட்டும் நிற்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கிளெண்டன் என்ற இடத்தில் கிடைத்த இத்தகைய கற்களுக்கு 1905-ல் கிளெண்டனைட் என்று பெயரிட்டார்கள். அவை எதன் வடிவம் என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. அண்டார்க்டிகாவின் கடலடிச் சேற்றில் உயிருள்ள படிகம்போல் பளபளத்த இக்காயிட் கிடைத்து, அச்செய்தி 1982-ல் வெளியான பிறகே புதிர் அவிழ்ந்தது.

ஆகவே, 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறையில் கிளெண்டனைட் இருந்தால், அன்று அங்கே கடல் மிகக் குளிர்ந்திருந்தது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் ஊகித்தார்கள். ஆனால் சாட்சி எவ்வளவு நல்லதானாலும் குறுக்கு விசாரணை வேண்டும். 2020-ல் வெளியான சோதனையொன்றில், இக்கா ஊற்றைப் போன்ற காரநீரைக் கடல் நீரோடு கலந்தபோது, 35 டிகிரியில்கூட இக்காயிட் முளைத்தது! முளைப்பது வேறு, நிலைத்து வளர்வது வேறு என்பது மெய்யே. எனினும், குளிரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் நீரின் ரஸாயனத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இந்த விசாரணைக்கு இக்காத் தூண்களைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. ஆர்க்டிக் பிரதேசமோ உலகின் சராசரியைவிட விரைவாகச் சூடேறி வருகிறது. கழியின் நீர் சில டிகிரி உயர்ந்து நிலைத்தால், தூண்கள் தாமே உள்ளுக்குள் மாறத் தொடங்கும். சில டிகிரி என்பது நமக்கு ஒரு போர்வையைப் போர்த்துவதும் விலக்குவதும் ஆகும் அற்ப விஷயம். அந்தக் கல்லுக்கு அதுவே ஜீவமரணப் பிரச்னை. பூமியின் பழைய குளிர்காலங்களைப் படிக்க நமக்குக் கற்றுக்கொடுத்த கல், இன்று பூமியின் சூட்டுக்கும் சாட்சியாக நிற்கிறது.