வாஷ்பேசினில் போகும் பால்

ஆகஸ்ட் பிறந்தால் பத்திரிகைக்காரர்களுக்குத் தாய்ப்பால் ஞாபகம் வந்துவிடும். முதல் ஏழு நாள் உலகத் தாய்ப்பால் வாரம். 1992-இல் ஆரம்பித்த வழக்கம். "நம்ம ஜனங்க மனசுல இதைப் பத்தி என்ன இருக்குன்னு பெங்களூர்ல விசாரிச்சு எழுதுங்க" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். விசாரிக்க அடுகோடியைவிடத் தோதான இடம் கிடையாது. ஓசூர் ரோட்டுக்கும் கோரமங்களாவுக்கும் நடுவே, ஒரு வாசலுக்குள் ஐந்தாறு குடித்தனங்கள் அடங்கிய காம்பவுண்டு வீடுகளும், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய சந்துகளும் உள்ள பேட்டை. வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆனவர்கள் நிறைய. பேச்சு தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடியும்.

மனசில் இருப்பது நல்லதுதான். தாய்ப்பால் வேண்டாம் என்று சொல்லும் ஓர் ஆளை இங்கே பார்க்க முடியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு உரித்துப் போடாத வீடு இல்லை. பால் சுறா கிடைத்தால் புட்டு, கிடைக்காவிட்டால் கருவாட்டுக் குழம்பு. ஊரிலிருந்து கூடவே வந்த வெந்தயக்களியோடு இந்த ஊரின் சப்சிகே சொப்பும் பத்தியச் சாப்பாட்டில் சேர்ந்துகொண்டுவிட்டது. அந்தக் கீரை பால் ஊறவைக்கும் என்று கன்னடத்துப் பாட்டி சொன்னதை நம் பாட்டியும் ஒப்புக்கொண்டாயிற்று.

விசித்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. மாடு கன்று போட்டால் அதன் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, கின்னு என்று தட்டில் வெட்டிக் கொடுத்தால் தெருவே சாப்பிடும். அதே வீட்டில் மனுஷியின் சீம்பால் மட்டும் 'கெட்ட பால்'. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கிறது, பிள்ளைக்குச் சேராது என்று பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, பெரியவர் ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணியோ தேனோ நாக்கில் தடவுவார்கள். நோயை எதிர்க்கும் புரதங்கள் மிகுதியாக இருப்பது அந்த மஞ்சள் பாலில்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இந்த வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரி வேறொரு தாமதத்தைக் கொண்டுவந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன், கர்நாடகத்தில் 31 சொச்சம். தையல் போட்டு மயக்கம் தெளிவதற்குள் முதல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. நாடு முழுக்க எடுத்தால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 41.8 சதவீதம்தான்.

பிறகு வருகிறது அந்த மூன்று வார்த்தை: "பால் பத்தலை போலிருக்கு." மாமியார் சொல்வார், பார்க்க வந்த நாத்தனார் சொல்வார், பக்கத்துக் கட்டில்காரி சொல்வாள். பிள்ளை அழுதால் பசி என்று ஒரே கணக்கு. முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன் அளவுதான் கொள்ளும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். நடுவில் ஒரு புட்டிப் பவுடர் பால் போனால் பிள்ளை தூங்கிவிடும், அந்த வேளை உறிஞ்சல் இல்லை, அடுத்த வேளைக்குச் சுரப்பு குறையும். இரண்டு வாரத்தில், பத்தலை என்று சொன்ன வாய் பலித்துவிடும். பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இலேயே மத்திய சட்டம் வந்து, 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். நாத்தனாரை எந்தச் சட்டம் தடுக்கும்?

பலன்களை வாசகர்கள் அறிவார்கள் என்பதால் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், அது தாய்க்கு உள்ள பலன். அடுகோடியிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2002-இல் வெளியிட்ட கணக்கில், ஒரு பெண் மொத்தமாகப் பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது என்று வந்தது. பிள்ளைக்காகத் தாய் செய்யும் தியாகம் என்றே பேசிப் பழகிவிட்டோம். அவள் உடம்புக்கு அதில் பங்கு உண்டு என்பதை எந்தச் சுவரொட்டியும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

பார்வைக்கு வருவோம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தபடியே சண்டையும் போட்ட பெண்கள் இதே தெருக்களில் இருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பிள்ளை சிணுங்கினால் சுடிதார் போட்ட மருமகள் ஓர் அறை தேடுகிறாள். பஸ்ஸில் அதற்கு வழியில்லை. கொஞ்சம் வசதி வந்ததும் கூச்சம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் பழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூச்சம் அவளுடையது அல்லவே, முறைத்துப் பார்க்கிறவனுக்குத்தானே அது இருக்க வேண்டும்? 2018-இல் ஒரு மலையாள இதழ் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் கோலத்தில் ஒரு பெண்ணை அட்டையில் போட்டபோது, ஆபாசம் என்று வழக்கே போட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் பஸ் நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் இப்படிப்பட்ட அறைகளை அமைப்பதில் மாநிலங்கள் கவனம் செலுத்த வேண்டும் என்றது. பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது.

உச்ச நீதிமன்றம் இதைச் சொல்வதற்கு முன்பே, 2021-இல், பெங்களூரில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. கதை சினிமாவைத் தோற்கடிக்கும். 2020 மே மாதம் சாம்ராஜ்பேட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையைத் திருடிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துக் குழந்தை வேறொரு தம்பதி வீட்டில் கிடைத்தது. வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது: பெற்றவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், எனக்கு ஒன்றுமில்லை, யசோதையைப் பாருங்கள் என்று வளர்த்தவள் பக்கம் வாதம். பிள்ளைகள் எண்ணிப் பங்கு போடும் சாமான் இல்லை என்று நீதிபதி கிருஷ்ண தீட்சித் அதைத் தள்ளினார். பாலூட்டுவது தாயிடமிருந்து பிரிக்க முடியாத உரிமை. பாலுண்பது பிள்ளையின் உரிமை. இரண்டும் சேர்ந்தே நிற்பவை. அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று எழுதினார். வேறு வேறு மதத்தைச் சேர்ந்த அந்த இரண்டு பெண்களும் கடைசியில் சமாதானமானார்கள். வளர்த்தவள் நினைத்தபோதெல்லாம் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று பெற்றவள் சொல்லிவிட்டாள்.

உரிமை இருக்கிறது. சரி, நேரம்?

என் கவலை இங்கேதான் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆசிரியர் கேட்டது மனநிலையைப் பற்றி. எனக்குக் கண்ணில் பட்டது கடிகாரம். காலை ஏழு, ஏழரைக்கு அடுகோடியின் சந்துகளிலிருந்து கோரமங்களாவைப் பார்த்து நடக்கும் பெண்களை யாரும் பார்க்கலாம். பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி. ஆளுக்கு இரண்டு மூன்று வீடு. பிரசவத்துக்குப் போனால் இரண்டு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்திருப்பாள். 2017-இல் திருத்திய மகப்பேறு பலன் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை என்பது அதற்கு முன்பே சட்டத்தில் உண்டு. அத்தனையும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு. மேடம் வீட்டுச் சமையலறை நிறுவனம் ஆகாது. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்று 2004-இல் நாட்டிலேயே முதலில் அறிவித்த மாநிலம் கர்நாடகம்தான். பால் கொடுக்கும் நேரத்துக்கு அப்படி ஓர் அறிவிப்பு இதுவரை இல்லை.

நடப்பது இதுதான். எட்டரை ஒன்பதுக்கு மார் கட்டிக்கொள்ளும். இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது ஜாக்கெட் நனையும். அதற்கென்றே மடித்து வைத்த பழைய வேட்டித் துண்டு உள்ளே இருக்கும். வலி தாங்காமல் போனால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு, குழாயைத் திறந்து கழுவிவிட்டு வந்து மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவள் பிள்ளை, ஆயா மடியில், பிஸ்கட்டைக் கரைத்த பாக்கெட் பாலைக் குடித்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பவுடர் பால். டின் விலைக்குப் பயந்து இரண்டு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் ஒன்று. அவள் வேலை செய்யும் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தால் கொடுமை முழுதாகும். அங்கே பீய்ச்சி வைத்த பால் தேதி எழுதிய பையில் பிரிட்ஜுக்குள் இருக்கும். அந்தக் குழந்தையைத் தூங்க வைப்பவளும் பல வீடுகளில் இவள்தான்.

இந்த இழுபறி வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. மல்லிகைப்பூச் சரத்தை மாரில் வைத்துக் கட்டிக்கொண்டால் பால் வற்றும் என்பது நம் பக்கத்துப் பழைய கைவைத்தியம். பால் வற்றக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்கிறது என்று 1988-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு ஆறுதலாக இருந்த வைத்தியம், இப்போது திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பப் போகிறவளுக்கும் உதவுகிறது.

பவுடர் பாலில் வளர்ந்த பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், கொடுக்க முடியாதவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று ஒரு கட்சி சொல்கிறது. நியாயம்தான். நான் பேசுவது கொடுக்க முடிந்தும் கொடுக்க விடப்படாதவளைப் பற்றி.

தாயையும் பிள்ளையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது ஆகாத காரியமும் இல்லை. அடுகோடிக்குப் பக்கத்திலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. பிரசவத்துக்குப் பின் மனநோய் கண்ட பெண்களைப் பிள்ளையோடு சேர்த்தே உள்நோயாளியாக வைத்துக்கொள்ளும் பிரிவை 2009-இல் ஐந்து கட்டிலோடு அங்கே தொடங்கினார்கள். இந்தியாவில் அது முதல் முயற்சி. வாணி விலாஸ் மருத்துவமனையில் 2022 முதல் தாய்ப்பால் வங்கி நடக்கிறது. தானமாக வரும் பாலை மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் அதே நகரத்தில்தான் மறு பக்கம் வாஷ்பேசினில் போகிறது.

பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாமே என்பார்கள். போகலாம். சுத்தமான கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரில் மூடி வைத்தால், வெயில் படாத இடத்தில் நாலு மணி நேரம் கெடாது. பாலாடையில் ஊட்டலாம், புட்டியே வேண்டாம். ஆனால் "பீய்ச்சின பால் ஆகாது, திருஷ்டி படும்" என்று வீட்டில் ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பெரிய புராணத்தை எடுத்துக் காட்டலாம். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் கறந்த பாலைத்தான் கொடுத்தாள். சம்பந்தருக்கு ஒன்றும் ஆகவில்லை, தமிழ்தான் பாடினார்.

நாலு மணி நேரம் என்பது ஏழரைக்குக் கிளம்பியவளைப் பதினொன்றரை வரை காப்பாற்றும். அதற்கு மேல் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப, போக வர ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு வீட்டு மேடமும் அதற்கு ஒப்ப வேண்டும். எங்களுக்கும் ஆபீஸ் நேரம் இருக்கிறதே என்று அவர்கள் கேட்பதும் பொய்யில்லை. அதனால் பிள்ளை வேலைக்குப் பக்கத்தில் வருவதுதான் வழி. கிராமத்தில் வேலை உறுதித் திட்டத்துக்குப் போகும் பெண்களுக்காக, பஞ்சாயத்துகளில் 'கூசின மனே' என்று குழந்தைக் காப்பகங்களை 2023-இல் கர்நாடகம் கொண்டுவந்தது. நகரத்து வார்டுக்கு அப்படி ஒன்று வேண்டும். அங்கன்வாடி இருக்கிறதே என்றால், அங்கே உட்கார வைப்பது மூன்று வயது நிரம்பிய பிள்ளையைத்தான்.

பெரிய கட்டடம் தேவையில்லை. கோரமங்களா எல்லையில் இரண்டு அறை, தண்ணீர், ஒரு பிரிட்ஜ், பிள்ளை பார்க்கத் தெரிந்த நாலு பெண்கள். அப்படிப்பட்டவர்கள் அடுகோடியில் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். அரசு அலுவலக நேரத்தில் பத்து மணிக்குத் திறந்தால் பிரயோஜனம் இல்லை. அதற்குள் முதல் வீட்டுப் பாத்திரம் முடிந்து இரண்டாவது வீடு ஆரம்பித்திருக்கும். காலை ஆறரைக்குத் திறக்க வேண்டும்.