டவுன் ஹாலில் ஒரு தோல் பெட்டி

பஞ்சாப் மாநிலத்தில் அமிர்தசரஸ் என்ற நகரம் இருக்கிறது. சீக்கியர்களின் பொற்கோவில் இங்கேதான் உள்ளது. பாகிஸ்தான் எல்லை இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரம்.

பொற்கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது. அதன் பெயர் டவுன் ஹால். ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. நகராட்சி அலுவலகம் இங்கே நடந்தது.

இந்தக் கட்டடம் பலவற்றைப் பார்த்திருக்கிறது. 1919 ஏப்ரல் 10 அன்று சைபுதீன் கிச்லு, சத்யபால் என்ற இரண்டு தலைவர்களை அரசு கைது செய்தது. மக்கள் கொதித்தார்கள். ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. சிலர் இறந்தார்கள். அன்று டவுன் ஹாலுக்கும் தீ வைக்கப்பட்டது. மூன்று நாள் கழித்துப் பக்கத்தில் உள்ள ஜாலியன்வாலா பாகில் படுகொலை நடந்தது.

இன்று இந்தக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெயர் பிரிவினை அருங்காட்சியகம்.

பிரிவினை என்றால் என்ன?

1947-இல் நமக்குச் சுதந்திரம் கிடைத்தது. அப்போது நாடு இரண்டாகப் பிரிந்தது. எல்லைக் கோடு போடும் வேலை ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சுமார் ஐந்து வாரத்தில் கோடு போட்டு முடித்தார்.

ஆகஸ்ட் 15 வந்தது. தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று பலருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 17 அன்றுதான் எல்லைக் கோட்டை அறிவித்தார்கள். ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். கலவரத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

இதற்கென்று நாட்டில் 70 ஆண்டுகளாக ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்படவில்லை. பிறகு ஓர் அறக்கட்டளை முயற்சி எடுத்தது. பஞ்சாப் அரசு டவுன் ஹாலில் இடம் கொடுத்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அருங்காட்சியகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அங்கே என்ன இருக்கிறது?

ராஜாவின் வாளைப் பார்க்கப் போனால் ஏமாந்துபோவீர்கள். அங்கே இருப்பவை சாதாரணக் குடும்பங்கள் கொடுத்த பொருள்கள். பாத்திரம், துணி, பெட்டி, கடிதம், போட்டோ.

ஒரு தோல் பெட்டி இருக்கிறது. பூ வேலை செய்த ஒரு பெண்ணின் கோட்டும் இருக்கிறது. பஞ்சாபில் இந்தத் தையலைப் புல்காரி என்பார்கள். பெட்டிக்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பிரிவினைக்கு முன்பே பெரியவர்கள் மூலம் அறிமுகம் உண்டு. கலவரத்தில் ஒருவரை ஒருவர் பிரிந்தார்கள். பின்னர் அமிர்தசரஸ் அகதி முகாமில், சாப்பாட்டு வரிசையில் சந்தித்தார்கள். 1948-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஒரு கிணறும் அமைத்திருக்கிறார்கள். வன்முறைக்கு அஞ்சிக் கிணற்றில் குதித்து உயிரை விட்ட பெண்களின் நினைவாக அது இருக்கிறது. கடைசி அறையில் முள்கம்பியால் செய்த மரம் ஒன்று நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் இலை வடிவக் காகிதத்தில் மனதில் பட்டதை எழுதி அதில் மாட்டுகிறார்கள்.

பொருள்களோடு குரல்களும் இருக்கின்றன. அன்று ஓடி வந்தவர்கள் சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இப்படிச் சொல்ல எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஞாபகம் இருந்தால் போதும்.

ஆனால் ஞாபகம் காத்திருக்காது. 1947-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்கியிருப்பார். அவர் போனால் அவர் கதையும் போய்விடும்.

நம் ஊரில்?

நம் ஊரிலும் பழைய சாவடி, பழைய பள்ளிக்கூடம், பழைய பஞ்சாயத்துக் கட்டடம் இருக்கலாம். பூட்டிக் கிடக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் ஓர் அறையைக் கேட்டுக் கிராம சபையில் பேசலாம்.

அதற்கு முன்பே சில வேலைகளைத் தொடங்கலாம்.

வீட்டில் உள்ள பழைய போட்டோவை எடுங்கள். அதில் யார் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். பேனா மை ஊறிப் போட்டோவைக் கெடுத்துவிடும்.

ஏர், மரக்கால், உரல் போன்றவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

ஊரில் மூத்தவர் யார்? ஒருநாள் மாலை அவரிடம் உட்காருங்கள். குளம் யார் வெட்டினார்கள், பஞ்சம் வந்தபோது என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.