‘கேபினட்டோட வருது சார்!’

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் பட்ஜெட் சொல்லி, கேமிங் கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்டுப் பாருங்கள். பிராசசரின் பெயர் கடைசி எழுத்துவரை இருக்கும். கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி, ரேம் என்ன வேகம், எஸ்எஸ்டி எந்த வகை, எல்லாம் இருக்கும். கடைசி வரியில் மட்டும் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று முடித்திருப்பார்கள். எந்த மாடல் என்று கேட்டால், “அது கேபினட்டோட வருது சார், 450 வாட்ஸ்” என்று பதில் வரும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு, கீபோர்டில் எத்தனை கலர் லைட் எரியும் என்று விசாரிக்கப் போய்விடுவார்.

அந்த 450 எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் போதும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் லைனில். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் அந்த 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 216 வாட்ஸ். மீதியெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் ஏற்றிய எண். பிராசசர்கள் 5 வோல்ட் லைனை நம்பியிருந்த பென்டியம் காலத்து வடிவமைப்பு அது. 450 பேருக்குப் பந்தி என்று சொல்லிவிட்டு, பாதிப் பேர் இலையில் ஊறுகாயும் அப்பளமும் மட்டும் வைக்கிற கதை. ஒழுங்கான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் லைன் மட்டுமே 45 ஆம்பியர் வரை தரும். அதாவது 540 வாட்ஸ்.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? பட்ஜெட் மெஷின்களில் அடிக்கடி பார்க்கும் ஜோடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐ5-12400எஃப் பிராசசர் முழு வேகத்தில் 117 வாட்ஸ் எடுக்கலாம். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 300. ஆனால் கிராபிக்ஸ் கார்டு சீராகச் சாப்பிடும் பிராணி அல்ல. திரையில் காட்சி மாறும் நேரத்தில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, சொன்ன அளவைவிட அதிகமாக இழுக்கும். அதற்கும் இடம் விட்டு, நல்ல 550 வாட்ஸ் எடுத்தால் போதும். 750, 850 என்று பயமுறுத்தி விற்பதும் வியாபாரம்தான்.

இன்னொரு அடையாளம், வயர்கள். ஆர்எக்ஸ் 6600 மாதிரியான கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்ஸ்தான் தரும், அந்த 8 பின் வழியாக 150 வாட்ஸ் வரை வரும். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த கனெக்டரே இருக்காது. கடைக்காரர் ஒரு மோலெக்ஸ் கன்வெர்ட்டரைச் செருகி ஓடவைத்துத் தந்துவிடுவார். ஹார்டு டிஸ்க்குக்குப் போட்ட மெல்லிய வயரில் கிராபிக்ஸ் கார்டு ஓடும். பிளாஸ்டிக் உருகி, கருகிய வாடை வரும்வரை ஓடும். கனெக்டர் இல்லை என்றால், இந்தச் சுமைக்கு நான் தயாரில்லை என்று அந்தப் பெட்டியே சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

‘80 பிளஸ்’ ஸ்டிக்கர் விஷயம் சுருக்கமாக. 2004-ல் வந்த இந்தச் சான்று, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது. பாதுகாப்புக்கு அது அத்தாட்சி அல்ல. சோதனையும் 23 டிகிரி அறையில் நடக்கிறது. நம் ஊர் மே மாத மத்தியானத்தில், ஏசி இல்லாத மாடி அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே திணித்த கேபினட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. எனவே ஸ்டிக்கரின் நிறத்தைவிட, 5 வருட வாரண்டி முக்கியம்.

“பத்து வருஷமா இதைத்தான் போட்டுத் தர்றோம், ஒண்ணும் ஆகலையே” என்று கடைகளில் சொல்வார்கள். டைப் அடிக்கவும் பில் போடவும் வைத்த மெஷினில் ஆகாதுதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. வீட்டுச் சுவர்! கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுக்கிறது, எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறது என்று புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் பெட்டியில் குற்றமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இரண்டு, எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத பிளக்கில் செருகினால் அவை 230-ஐப் பங்கு போட்டு, கேபினட்டின் தகரத்தில் 115 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று குத்துவதோடு நிற்கிறது. மின்னெழுச்சி வரும்போது அதை எர்த்துக்கு வழித்து விடும் பாதுகாப்பும் இங்கே செயலிழந்துவிடும். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பில் ஒரு பகுதி வீண்.

வாடகை வீட்டில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருப்பது நமக்குப் புதிதல்ல. மூணு பின்னை ரெண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. எர்த் வயர் ஒழுங்காக ஓடினாலும், கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வழக்கம் எத்தனை அபார்ட்மென்ட்டில் இருக்கிறது?

நியூட்ரல் கதை இன்னும் மோசம். தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 வரவேண்டிய லைனில் 400-ஐ நெருங்கும் வோல்ட் வரலாம். டிவியும் ஃபேனும் ஒரே நேரத்தில் புகைந்த தெருக்கள் இதற்குச் சாட்சி. அப்படி ஒரு நாளில் நல்ல எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் தான் செத்து, மதர்போர்டைக் காப்பாற்றும். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் சர்க்யூட் போர்டில் அந்தப் பாதுகாப்பு பாகங்களுக்கான இடம் அச்சடித்திருக்கும், பாகம் இருக்காது.

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். மேலே சொன்ன மெஷினோடு மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். சில புதிய எஸ்எம்பிஎஸ்கள், பல யுபிஎஸ்கள் தரும் சதுர அலை மின்சாரத்தை ஏற்காமல் அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாகவும், ஸ்விட்ச் ‘யுபிஎஸ்’ பக்கமாகவும் இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வரும் முன் எலெக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழையுங்கள். மெஷின் வைக்கப்போகும் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கிராபிக்ஸ் கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.