உமியின் வெப்பமும் கொதிகலனும்

புழுங்கலரிசி ஆலை நடத்துவோர் கவனத்திற்கு

நெல்லைக் குற்றும்போது அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியாகக் கழிகின்றது. ஆயிரம் கிலோகிராம் நெல்லிலிருந்து 200 கிலோகிராம் உமி கிடைக்கும். இவ்வுமியை வேண்டாப் பொருளென வீதியோரத்திற் குவித்து எரித்துவிடும் ஆலைக்காரர் உளர். நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமி போதவில்லையென்று விறகை விலைகொடுத்து வாங்குவோரும் உளர். இருவரும் அவிப்பது ஒரே நெல்லைத்தான். இருவருக்கும் கிடைப்பது ஒரே அளவு உமிதான். எனின் இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? அவர்கள் பயன்படுத்தும் கொதிகலன்களிலேயே இதற்கான விடை உளது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் உலர்ந்த உமி எரியும்போது ஏறத்தாழ 3,200 கிலோகலோரி வெப்பம் பிறக்கும். 200 கிலோகிராம் உமியில் 6,40,000 கிலோகலோரி அடங்கியுள்ளது. 30 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரியும், கொதிநீரை ஆவியாக்க 540 கிலோகலோரியும், ஆக 610 கிலோகலோரி வேண்டும். ஆயிரம் கிலோகிராம் நெல்லைச் சுடுநீரில் ஊறவைத்து அவிப்பதற்கு 200 கிலோகிராம் நீராவி செலவாகுமெனக் கொண்டால், அதற்குத் தேவையான வெப்பம் 1,22,000 கிலோகலோரி மட்டுமே.

கொதிகலன் நூற்றுக்கு 60 பங்கு திறனுடையதாயின் இதற்கு 64 கிலோகிராம் உமி போதும். நூற்றுக்கு 20 பங்கே திறனுடையதாயின் 190 கிலோகிராம் வேண்டும். நெல்லிற் கிடைத்த உமி முழுவதும் அடுப்பிலேயே தீர்ந்துவிடும். முதலாவது ஆலையில் எஞ்சும் உமி, மாரிகாலத்தில் வெயில் முகங்காட்டாத நாட்களில் அவித்த நெல்லை உலர்த்துவதற்கான சூடான காற்றைத் தரும். இரண்டாவது ஆலையில் அந்நெல் களத்திற் கிடந்து புளிக்கும். ஆகவே கொதிகலனின் திறன் என்பது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. அரிசியின் தரமும் ஆலைக்காரரின் வருவாயும் அதனைச் சார்ந்தே நிற்கின்றன.

வெப்பம் செல்லும் வழி

அடுப்பிற் பிறந்த வெப்பம் நீரைச் சேர்வதற்கு மூன்று வழிகள் உள. தணலும் சுவாலையும் நேரே தகட்டின்மீது வெப்பத்தை வீசுதல் கதிர்வீசலாம். சூடான புகை தகட்டைத் தழுவிச் சென்று வெப்பத்தைக் கொடுத்தல் மேற்காவுகையாம். தகட்டின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு உலோகத்தினூடாக வெப்பம் செல்லுதல் கடத்தலாம்.

தகடு தடிப்பாயிருத்தலே வெப்பம் ஏறாமைக்குக் காரணமெனப் பலர் எண்ணுகின்றனர். உருக்குத் தகட்டிற்குப் பதிலாகச் செம்புத் தகட்டை இட்டால் உமி மிச்சப்படும் என்பாரும் உளர். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய்வோம். 10 மில்லிமீற்றர் தடிப்பான உருக்குத் தகடு வெப்பத்திற்குக் கொடுக்கும் தடையை 1 எனக் கொள்வோம். கொதிக்கும் நீரின் பக்கத்திலுள்ள தடையும் ஏறத்தாழ 1 ஆகும். ஆனால் குழாய்களினூடாக மெல்லச் செல்லும் புகையின் பக்கத்திலுள்ள தடை ஏறத்தாழ 100 ஆகும். மொத்தத் தடை 102இல் 100 புகையின் பக்கத்திலேயே இருக்கின்றது. ஆகவே தகட்டைச் செம்பாக மாற்றுவதால் வரும் பயன் மிகச் சிறிது, செலவோ பெரிது. புகைப்பக்கத்தைச் சீர்திருத்துதலே வெப்பத்தைப் பெறும் வழியாகும்.

முன்னோர் கண்ட முறை

கொதிகலனின் வரலாறு இவ்வுண்மையையே விளக்குகின்றது. தொடக்கத்தில் நீர் நிறைந்த உருளையின் அடியில் தீ மூட்டினர். புகை வெளிப்புறத்தைத் தழுவிப் போய்விடும். இங்கிலாந்தில் 1812ஆம் ஆண்டளவில் றிச்சாட் திரெவிதிக் என்பார் உருளையினுள்ளே ஒரு பெருங்குழாயைப் பொருத்தி அதனுள் தீ எரியச் செய்தார். 1844இல் வில்லியம் பெயாபேண் என்பார் இரு குழாய்களையுடைய கொதிகலனுக்கு உரிமை பெற்றார். இதற்கிடையில் 1829இல் றொபேட்டு இசுற்றீவன்சன் அமைத்த ‘றொக்கெற்று’ என்னும் புகையிரத இயந்திரத்தில், ஒரு பெருங்குழாய்க்குப் பதிலாக மூன்றங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் வைக்கப்பட்டன. அச்சிறிய கொதிகலன் அதுவரை காணாத அளவு நீராவியைத் தந்தது.

பல சிறு குழாய்கள் ஒரு பெருங்குழாயினும் சிறந்தவை ஆவதேன்? 30 சதமமீற்றர் விட்டமுள்ள ஒரு குழாயினூடாகச் செல்லும் புகை, 5 சதமமீற்றர் விட்டமுள்ள 36 குழாய்களினூடாக அதே வேகத்தில் செல்லலாம். இரண்டிலும் குறுக்குப் பரப்பு ஒன்றே. ஆனால் புகை தொட்டுச் செல்லும் சுவரின் பரப்போ, இரண்டாவது அமைப்பில் ஆறு மடங்காகும். நெல் அவிப்பதற்கென எண்ணெய்ப் பீப்பாயை அடுப்பின்மேல் ஏற்றி வைப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பீப்பாயின் அடிப்பாகத்தை ஒருமுறை நக்கிவிட்டு வெளியேறும் தீயில் பெரும்பகுதி வானத்தையே சூடாக்குகின்றது. அன்றியும், அமுக்கத்தைத் தாங்கும்படி அமைக்கப்படாத பீப்பாய் உயிருக்கு உலைவைக்கும் பொருளுமாகும்.

அடுப்பின் அமைப்பு

கதிர்வீசல் வெப்பநிலையுடன் மிக விரைவாக உயர்வது. 850 பாகையில் எரியும் தணல், 650 பாகையில் எரியும் தணலைப்போல் இரு மடங்கிற்கும் மேலான வெப்பத்தை வீசும். ஈரமான உமியும், அளவிற்கு மிஞ்சிப் புகும் குளிர்காற்றும் அடுப்பின் வெப்பநிலையைக் குறைக்கின்றன. ஆகவே உமியை மழையில் நனையவிடலாகாது. அடுப்புக் கதவை எப்போதும் திறந்து வைத்தலும் ஆகாது. எனினும் அடுப்பு அளவுக்கு மீறிச் சூடேறினால் உமிச்சாம்பல் உருகிக் கட்டியாகிக் காற்று வழியை அடைத்துவிடும்.

உமி மிக இலேசானது. குவியலாக இட்டால் உள்ளே காற்றுப் புகாது. எனவே சாய்வான படித்தட்டின் மேலிருந்து சிறிது சிறிதாக வழுகி இறங்கும்படி உமியை இடுதல் நன்று. சுவாலை முற்றாக எரிந்து முடியுமுன் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் அணைந்து கரியாகும். அடுப்பைச் செங்கல்லாற் சூழ்ந்து, எரிதல் முடிவதற்கு வேண்டிய இடம் விட்டு, அதன் பின்னரே புகையைக் குழாய்களினுட் செலுத்துதல் வேண்டும். உமி எரிந்தபின் சாம்பல் வெண்சாம்பல் நிறமாயிருத்தல் நல்ல எரிதலுக்கு அடையாளம். கறுத்த சாம்பல் எரியாத கரியைக் காட்டும்.

குழாயினுள் முறுக்குப் பட்டை

குழாயின் நடுவே செல்லும் புகை சுவரைத் தொடாமலே வெளியேறிவிடும். சுவரையொட்டிய புகையோ குளிர்ந்து ஒரு போர்வைபோல் நின்றுவிடும். இப்போர்வையைக் குலைப்பதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. மெல்லிய உருக்குப் பட்டையைத் திருகுபோல் முறுக்கிக் குழாயினுள் செருகிவிடுதலே அது. புகை சுழன்று சென்று, நடுவிலுள்ள சூடான பகுதியும் சுவரைத் தொடும். புகையின் வேகத்தைக் கூட்டுதலும் இதனையொத்த பயனைத் தரும். வேகம் இருமடங்காகும்போது வெப்ப இடமாற்றம் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகரிக்கும்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. வேகம் இருமடங்காயின் புகை செல்வதற்கான தடை நான்கு மடங்காகும். புகைபோக்கியின் இழுப்பு மட்டும் அதற்குப் போதாது போகலாம். அப்போது அடுப்பு புகைந்து தணிந்துவிடும். அன்றியும் உமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாதலின், அச்சாம்பல் பறந்து பட்டைகளில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பட்டைகள் கழற்றி எடுக்கத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். முதலிற் சில குழாய்களில் மட்டும் இட்டு, காற்றிழுப்பு குறையாதிருப்பதைக் கண்டபின் ஏனையவற்றில் இடுக.

கரி உமியைத் தின்னும். படிவு தகட்டைத் தின்னும்

முன்னர்க் கூறிய கணக்கின்படி தகட்டின் தடை 1, புகையின் தடை 100. புகைப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பிற்குக் கரி படிந்தால் அதன் தடை ஏறத்தாழ 50 ஆகும். அவ்விடத்திற் செல்லும் வெப்பம் மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். நீர்ப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் சுண்ணப் படிவு படிந்தால் அதன் தடை ஏறத்தாழ 5 மட்டுமே. வெப்பம் நூற்றுக்கு 5 பங்களவே குறையும். இதனைக் கண்டு படிவு தீங்கற்றதென எண்ணுதல் பெரும் பிழையாகும்.

கரி தகட்டிற்கு வெப்பம் ஏறாதபடி தடுக்கின்றது; ஆதலின் தகடு சூடேறுவதில்லை; உமிதான் வீணாகின்றது. படிவோ தகட்டில் ஏறிய வெப்பம் நீரைச் சேராதபடி தடுக்கின்றது; ஆதலின் தகடே சூடேறுகின்றது. கடுந்தீயின் நேரே நிற்கும் தகட்டில் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிலோவாற்று வீதம் வெப்பம் ஏறுவதாகக் கொள்வோம். 3 மில்லிமீற்றர் படிவு இருப்பின் தகடு நீரைவிட 150 பாகை கூடுதலாகச் சூடேறும். 6 மில்லிமீற்றர் இருப்பின் 300 பாகை கூடும். 170 பாகையிலுள்ள நீரின் அருகே 470 பாகையில் நிற்கும் உருக்கு, தன் வலிமையை இழந்து அமுக்கத்தாற் புடைத்து, ஈற்றில் வெடிக்கவும் கூடும். உமி வீணானால் மறுபோகத்தில் உமி வரும். கொதிகலன் வெடித்தால் அதன் பக்கத்தில் நின்ற தொழிலாளி மீண்டு வாரான்.

நீரைப் பற்றிய கவனம்

நெல் அவிக்கும் ஆலையில் நீராவி நேரே நெல்லினுட் செல்கின்றது. அது மீண்டும் நீராகிக் கொதிகலனுக்குத் திரும்புவதில்லை. எனவே நாள்தோறும் ஊற்றப்படுவது முழுவதும் புதுநீரே. நீர் ஆவியாகும், அதிற் கரைந்திருந்த உப்புக்கள் கொதிகலனிலேயே தங்கும். சுண்ணக்கற் பாறையினின்று ஊறும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் வன்மையுடையதென்பதை, சவர்க்காரம் நுரையாமையினால் யாவரும் அறிவர். ஒரு லீற்றர் நீரிற் படியக்கூடிய பொருள் 300 மில்லிகிராம் இருப்பின், நாளொன்றிற்கு 2,000 லீற்றர் நீரை ஆவியாக்கும் கொதிகலனில் ஒரு நாளில் 600 கிராமும், 100 நாட்களில் 60 கிலோகிராமும் சேரும். ஒரு மூடை நெல்லின் பாரத்திற்குக் கல்லைக் கொதிகலனுள் இட்டு அவிப்பதற்கு இஃது ஒப்பாகும்.

மாரியிற் பெய்யும் மழைநீர் மென்னீராகும். ஆலையின் அகன்ற கூரையில் விழும் நீரைத் தொட்டியிற் சேர்த்துக் கொதிகலனுக்கென ஒதுக்கி வைத்தல் செலவு குறைந்த வழியாகும். அந்நீர் போதாவிடின் நீரை மென்மையாக்கும் கருவியை அமைத்தல் நலம். நீராவி உணவுப் பொருளைத் தொடுவதால், உணவிற்கு ஒவ்வாத மருந்துகளை எவ்வாற்றானும் கொதிகலனில் இடலாகாது. அடியிற் சேரும் சேற்றை, அதற்கென உள்ள வால்வைத் திறந்து ஒழுங்காக வெளியேற்றுதல் வேண்டும்.

புகையுடன் போகும் வெப்பம்

புகைபோக்கியின் அடியில் ஒரு வெப்பமானியைப் பொருத்துக. குழாய்களைத் துப்புரவாக்கிய மறுநாள் அது காட்டும் வெப்பநிலையைக் குறித்து வைக்குக. அதே வேலைக்கு வெப்பநிலை 20 பாகை ஏறுந்தோறும் எரிபொருளில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு வீணாகின்றதென அறிக. 40 பாகை ஏறிவிட்டால் குழாய்களைத் துடைக்கும் நாள் வந்துவிட்டது.

வெளியேறும் புகையிலுள்ள வெப்பத்தை மீட்கும் கருவியை 1845இல் எட்வேட்டு கிறீன் என்னும் ஆங்கிலேயர் அமைத்தார். கொதிகலனுக்குச் செல்லும் நீரைப் புகையின் வழியிலுள்ள குழாய்களிற் செலுத்திச் சூடேற்றுவதே அதன் முறை. 30 பாகையிலுள்ள நீரை 80 பாகைக்கு உயர்த்தினால், முற்கூறிய 610 கிலோகலோரியில் 50 மிச்சமாகும். அஃதாவது நூற்றுக்கு 8 பங்கு உமி மீதப்படும். குழாய்களின்மீது கரி படிந்தால் பயன் போய்விடுமென்பதை உணர்ந்த கிறீன், அதனைச் சுரண்டும் கருவியையும் உடன் அமைத்தார்.

ஆலைக்காரர் செய்யவேண்டியவை

1. உமியை உலர்வாக வைத்திருக்குக. சிறிது சிறிதாக அடுப்பிலிடுக.

2. குழாய்களிலுள்ள கரியையும் சாம்பலையும் நீண்ட தூரிகை கொண்டு ஒழுங்காகத் துடைக்குக.

3. கொதிகலனுக்கு மென்னீரையே ஊட்டுக. சேற்றை நாள்தோறும் வெளியேற்றுக.

4. ஒவ்வொரு போக முடிவிலும் கொதிகலன் நன்கு ஆறியபின் உட்புறத்தைத் திறந்து படிவின் தடிப்பைப் பார்க்குக.

5. நீர்மட்டக் கண்ணாடி, அமுக்கமானி, காப்பு வால்வு ஆகிய மூன்றும் செவ்வனே இயங்குகின்றனவா என்பதை நாள்தோறும் வேலை தொடங்குமுன் நோக்குக. காப்பு வால்வின்மீது பாரமேற்றி அதனைக் கட்டிவைத்தல் கொலைக்கு ஒப்பாகும்.

6. நீர்மட்டம் கண்ணாடியின்கீழ் இறங்கிவிட்டால் குளிர்நீரை ஊற்றாதீர். தீயை அகற்றி, ஆட்களை அப்பாற் செல்லச் சொல்லி, கொதிகலன் தானே ஆறும்வரை பொறுத்திருக்குக.

7. அமுக்கத்தைத் தாங்கும் தகட்டிலோ குழாயிலோ துளையிடுதல், ஒட்டுதல், மாற்றுதல் ஆகியவற்றைத் தகுதிபெற்ற பொறியியலாளரைக் கொண்டே செய்விக்குக. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலன்களைப் பற்றிய விதிகளைக் கொண்டுள்ளது; அவ்விதிகளின்படி கொதிகலனைப் பரிசோதிப்பித்தல் ஆலைக்காரரின் கடமையாகும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒரு தூரிகையும், ஒரு வெப்பமானியும், ஒரு குறிப்புப் புத்தகமும், அவற்றைத் தவறாது கையாளும் பழக்கமுமே வேண்டும். கமக்காரன் வயலில் வியர்வை சிந்தி விளைவித்த நெல்லோடு அவனுடைய வயல் தந்த எரிபொருளும் சேர்ந்தே ஆலைக்கு வருகின்றது. அதனை வானத்திற்கு விடாது நீரிற் சேர்ப்பதே நல்ல கொதிகலனின் வேலை. அக்கொதிகலனை நல்லதாகவே வைத்திருத்தல் நம் வேலை.