ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புக்

சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா பக்கத்துப் பழைய வீடுகளில் மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ சாக்கு போர்த்திய வண்டி ஒன்று இன்னும் நிற்கும். திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட், மைசூரில் 1961 முதல் செய்த ஜாவா, பின்னால் வந்த யெஸ்டி, ராஜ்தூத், இவற்றில் ஏதாவது ஒன்று. சத்தியவேடு மண்டலத்திலேயே ஹீரோ ஆலை இருக்கிறது, ஸ்ரீ சிட்டிக்குள் இசுசூ இருக்கிறது. அங்கே ஷிப்டு முடித்து வரும் பிள்ளைகளுக்கு நட்டும் போல்ட்டும் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் வண்டியைத் தார்ப்பாயில் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வண்டி பளபளவென்று நிற்கும். ஆனால் ரோட்டில் எடுத்துப் போக முடியாது.

காரணம் என்ஜின் இல்லை, காகிதம். இந்த மண்ணுக்கு அதில் கூடுதலாக ஒரு முடிச்சும் உண்டு. சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது. அதற்கு முன் வாங்கிய வண்டிக்கு மெட்ராஸ் மாநிலப் பதிவெண் இருக்கும். அதன்பிறகும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கும்மிடிப்பூண்டியிலும் சென்னையிலும் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த வண்டிகள் ஏராளம். எல்லையைத் தாண்டுவது பத்து நிமிட வேலை. ஆவணம் தாண்டவே இல்லை.

வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆவது பிரிவுப்படி இங்குள்ள பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். படிவம் 28. இந்த இடத்தில்தான் பலர் புரோக்கரிடம் விழுகிறார்கள். 48-ஆவது பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருப்பது தெரிவதில்லை: விண்ணப்பித்த 30 நாளுக்குள் சான்று தரவும் இல்லை, மறுத்தும் சொல்லவில்லை என்றால் சான்று கொடுக்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. அதனால் விண்ணப்பத்துக்கு ரசீது வாங்காமல் அலுவலகப் படியிறங்காதீர்கள்.

வண்டி தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால்? உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. இருபது வருஷம் கழித்து நினைவுக்கு வந்தாலும் வழி அதுதான். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் சேர்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புக்கே தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் தெரிவித்துப் படிவம் 26-இல் நகல் கேட்கலாம். கையால் எழுதிய பழைய பதிவேடு கணினியில் ஏறாமல் இருந்தால் அதை முதலில் ஏற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 15 வருஷம் ஆனால் நொறுக்கிவிடுவார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவது டெல்லிக் கதை, நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு: மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2021 அறிவிக்கை சொல்கிறது. பத்து வருஷம் தூங்கிய வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 36,000.

'விண்டேஜ்' என்ற சொல்லை இங்கே தாராளமாகப் புழங்குகிறோம். ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது: 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 81ஏ முதலான விதிகள்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியதுதான் விண்டேஜ். 1985-இல் வந்த முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே 2035 வரை பொறுக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் எண் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இந்தப் பதிவு எடுத்தால் வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது, அவ்வளவுதான். தினமும் ஆலைக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே புத்திசாலித்தனம்.

விண்டேஜ் பதிவுக்குச் சேஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சாதாரணப் பதிவிலும் 52-ஆவது பிரிவு கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்படி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

ஆகவே, வண்டியைப் பிரிப்பதற்கு முன் சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துணியால் துடைத்து, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். போட்டோவும் எடுங்கள். ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது மணல் வீச்சில் நம்பர் தேய்ந்துபோகும். அந்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லி நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். மங்கலாக இருக்கிறதே என்று திரும்பக் குத்தினால் அது திருட்டு வண்டி போலத்தான் போலீசுக்குத் தெரியும். காயலான் கடையில் வாங்கும் கிராங்க் கேஸிலும் வேறொருவரின் நம்பர் இருக்கும். பில் இல்லாமல் தொடாதீர்கள்.

முழு வண்டியாக வாங்குகிறவர்கள், அது காணாமற்போன வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் பார்த்துவிடுங்கள். விற்கிறவர்களுக்கும் ஒன்று. "அண்ணா, அப்புறம் மாத்திக்கிறேன்" என்பதை நம்பி விடாதீர்கள். விற்ற வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டில் வேலை பார்க்கும்போது உயிருக்கு ஆபத்தானது டேங்க். பெட்ரோல் வடித்துவிட்டோம், காலி என்று நினைத்து வெல்டிங் வைத்தால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அனுபவமுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். பார்ட்ஸைப் பெட்ரோலில் கழுவுவது நம்மூர்ப் பழக்கம். மண்ணெண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சமையலறை அடுப்போ சாமி விளக்கோ எரியும் பக்கம் இரண்டுமே ஆகாது. பழைய பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பேட்டரிக்கு ஆசிட் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும்.

பழவேற்காடு ஏரிக் காற்று உப்புக் காற்று. தடா பக்கம் நிற்கும் டேங்க் உள்ளே சீக்கிரம் துருப்பிடிக்கும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றி, மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். மாற்றிய என்ஜின் ஆயிலைத் தென்னை மரத்தடியில் கொட்டுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அது கிணற்றுக்குத்தான் போகும்.

ஆர்.டி.ஓ. மறுத்தால் எழுத்து உத்தரவு கேளுங்கள். 57-ஆவது பிரிவுப்படி அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வெறும் இழுத்தடிப்பு என்றால் திங்கட்கிழமை திருப்பதி கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். லஞ்சம் கேட்டால் 1064.

போலி பிஸ்டன், உரிந்துபோகும் குரோம், ஒத்துக்கொண்டபடி செய்யாத சிலிண்டர் போர் வேலை ஆகியவற்றுக்கு நுகர்வோர் சட்டம் 2019 உதவும். 1915-க்குப் போன் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் தெரிந்தவர் ஒருவர் தன் பழைய வண்டியை உங்களுக்கு விற்றதில் ஏமாந்தால் அந்த ஆணையம் எடுக்காது. அவர் வியாபாரி இல்லை. மெக்கானிக்கிடம் பில் கேட்க நமக்குக் கூச்சம். குறைந்தபட்சம் பணத்தை ஜிபேயில் போட்டு, என்ன வேலை, என்ன தொகை என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். பில் இல்லாத இடத்தில் அந்த ஒரு வரியை ஆணையத்தின் முன் காட்டலாம்.