வெனிஸ் நகரின் உள்வீதிகள்

ஒரு நகரத்தின் பெருமை அதன் மாடமாளிகைகளில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அம்மாளிகைகளை எழுப்பியோரும், அவற்றுக்கு நீர் சுமந்தோரும், அவற்றின் நிழலில் வாழ்ந்தோரும் எங்கே, எவ்வாறு குடியிருந்தனர் என்பதை அறியாதார் அந்நகரத்தை அறிந்தாராகார். இவ்வுண்மைக்கு இத்தாலியின் வடகீழ்க் கரையிலுள்ள வெனிஸ் தக்கதொரு சான்றாகும்.

வெனிஸ் என்றதும் சான் மார்க்கோ சதுக்கமும், தோஜே என்னும் தலைவரின் அரண்மனையும், ரியால்ற்றோப் பாலமுமே எவர்க்கும் நினைவில் எழும். அந்நகரை நாடி வருவோரிற் பெரும்பாலார் இவற்றைக் கண்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். புகையிரத நிலையத்திலிருந்து சதுக்கத்துக்குச் செல்லும் பாதையில் அவர்கள் நெருக்குண்டு நடக்க, அப்பாதையிலிருந்து சில நிமிட தூரம் விலகிய ஒழுங்கைகள் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. அந்நகரின் உண்மை வரலாற்றிற் பெரும்பகுதி அவ்வொழுங்கைகளிலேதான் எழுதப்பட்டுள்ளது.

வழியும் பெயரும்

கடனீரேரி ஒன்றினுள் அமைந்த நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்களால் இணைத்து ஆக்கப்பட்டது இந்நகரம். 1846 இல் புகையிரதப் பாலமும் 1933 இல் தெருப்பாலமும் இதனைப் பெருநிலத்தோடு தொடுத்தன. ஆயினும் சில்லுவண்டிகள் நகரின் மேற்கு வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. அதற்கப்பாற் படகு, இன்றேற் கால்நடை. ஆகவே இங்கு நடந்து திரிதல் பொழுதுபோக்கன்று. நகரத்தின் இயல்பான வழக்கேயாம்.

நடப்பவனுக்கு முதலாசிரியன் தெருப்பெயரே. வெண்சுதை பூசிய சதுரங்களிற் கரிய எழுத்தாற் பெயர்கள் தீட்டப்பட்டுள்ளன. அச்சதுரங்களை ஊரார் 'சிறு படுக்கை விரிப்புக்கள்' எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர். ஒழுங்கை 'கால்லே' எனவும், வாய்க்காலோரப் பாதை 'பொந்தமேந்தா' எனவும், தூர்க்கப்பட்ட வாய்க்காலின்மேற் சென்ற தெரு 'ரியோ தெரா' எனவும் பெயர்பெறும். கொல்லர் ஒழுங்கை, அம்பு செய்வோர் தெரு, போறணை ஒழுங்கை என்றாற்போலத் தொழிற்பெயர் தாங்கிய வழிகளும் பல. சதுக்கங்களின் பெயர் இன்னும் சுவையுடையது. 'பியாட்சா' என்னும் சிறப்புப் பெயர் சான் மார்க்கோ ஒன்றுக்கே உரியது. ஏனைய சதுக்கங்கள் யாவும் 'காம்போ' எனப்படும். காம்போ என்பதன் பொருள் வயல் என்பதாம். கோயிலின் முன் புல் முளைத்துக் கிடந்த வெளியே பிற்காலத்திற் கல் பாவப்பட்டுச் சதுக்கமாயிற்று. கற்கள் மறைத்த வரலாற்றைப் பெயர் காத்துவைத்திருக்கின்றது.

பூட்டப்பட்ட தீவு

புகையிரத நிலையத்திலிருந்து கூட்டத்தோடு சிறிது தூரம் சென்று, கன்னரேஜோ வாய்க்காலைக் கடந்து இடப்புறம் திரும்பினால், தாழ்ந்த வாயிலொன்று யூதர் குடியிருப்புக்கு இட்டுச்செல்லும். 1516 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் நாள் வெனிஸ் ஆட்சிமன்றம், நகரிலுள்ள யூதர் யாவரும் இச்சிறு தீவிலேயே உறைதல் வேண்டுமென ஆணையிட்டது. இரவில் வாயிற்கதவுகள் பூட்டப்பட்டன. காவலருக்குரிய கூலியையும் காவலுக்கு உள்ளானோரே செலுத்த நேர்ந்தது. அவ்விடத்தில் முன்னர் உலோக வார்ப்புச்சாலை இருந்தமையின் அதற்குக் 'கெற்றோ' என்னும் பெயர் வழங்கிற்று என்பர். ஒரு வார்ப்புச்சாலையின் பெயர், ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைக் குறிக்கும் பொதுச்சொல்லாய் உலகெங்கும் பரவிய வரலாறு இதுவே.

தீவின் எல்லை விரிய இயலாது. மக்கள் தொகையோ பெருகிற்று. எனவே வீடுகள் மேனோக்கி வளர்ந்தன. வேறெங்கும் காணாதவாறு ஏழும் எட்டும் மாடிகள் தாழ்ந்த கூரைகளோடு இங்கே அடுக்கப்பட்டுள்ளன. தொழுகைக் கூடங்கள் ஐந்தும் 16 ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியவை. அவற்றுள் மிகப் பழையது 1528 இல் எழுந்தது. மேன்மாடியில் வரிசையாய் நிற்கும் ஐந்து சாளரங்களே புறத்தில் அதன் அடையாளம். 1797 இல் நெப்போலியனின் படைகள் வந்தபோது வாயிற்கதவுகள் அகற்றப்பட்டன. ஆயினும் 1943, 1944 ஆம் ஆண்டுகளில் இந்நகரத்து யூதர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டு நாசிகளின் கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். சதுக்கத்தின் சுவரிலுள்ள நினைவுச் சிற்பங்கள் அதனை இன்றும் கூறுகின்றன.

தலைப்பாகை வணிகரும் ஓவியரும்

கெற்றோவிலிருந்து வடகிழக்கே சென்றால், நீண்ட வாய்க்கால்கள் ஒன்றற்கொன்று இணையாக ஓடும் அமைதியான பகுதியை அடையலாம். அங்குள்ள 'மூர்களின் சதுக்கத்'தில், பெரிய தலைப்பாகை அணிந்த மூன்று கற்சிலைகள் வீட்டுச் சுவர்களிற் பதிக்கப்பட்டு நிற்கின்றன. கிரேக்க நாட்டு மோரெயாவிலிருந்து வந்து குடியேறிய வணிகச் சகோதரர் இவர் என்பது ஊர்வழக்கு. ஒரு சிலையின் சிதைந்த மூக்குக்குப் பதிலாக இரும்பு மூக்கொன்று பொருத்தப்பட்டுள்ளது. அண்மையிலுள்ள மாளிகையின் வாய்க்காற்புறச் சுவரிற் சுமை தாங்கிய ஒட்டகமொன்று செதுக்கப்பட்டிருத்தல், இவ்வூரின் செல்வம் எத்திசையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

அச்சதுக்கத்தின் அருகிலேயே ரின்ரொறெற்றோ என்னும் ஓவியர் வாழ்ந்த வீடு உளது. சாயத் தொழிலாளியின் மகனாகிய அவர் இப்பெயர் பெற்றதும் தந்தையின் தொழிலாலேயே. 1594 இல் மறைந்த அவர், தாம் பேரோவியங்கள் தீட்டியளித்த மடோன்னா டெல் ஓர்த்தோ கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வீட்டிலிருந்து கோயிலுக்குச் சில நிமிட நடையே. உலகம் போற்றும் ஓவியர் ஒருவர் தம் அயற்கோயிலுக்கெனத் தீட்டியவற்றை அவை தீட்டப்பட்ட இடத்திலேயே காணும் வாய்ப்பு, அரும்பொருட்சாலைகளிற் கிட்டாதது.

மார்க்கோ போலோவின் முற்றம்

அங்கிருந்து தெற்கே ரியால்ற்றோவை நோக்கி வந்து, சான் ஜொவான்னி கிறிசோஸ்தமோ கோயிலின் பின்புறம் வீட்டினடியாகச் செல்லும் இருண்ட வழியில் நுழைந்தால், 'மிலியோன்' என்னும் பெயருடைய இரு முற்றங்கள் தோன்றும். மிலியோன் என்பது மார்க்கோ போலோவுக்கும் அவர் நூலுக்கும் வழங்கிய பெயர். போலோ குடும்பத்தின் இல்லம் இங்கேதான் இருந்தது. அது பின்னர் எரிந்தொழிய, 1678 இல் அந்நிலத்தில் நாடக அரங்கொன்று எழுந்தது. விலங்குருவங்கள் செதுக்கிய பழைய வளைவொன்று முற்றத்தில் இன்னும் நிலைத்திருக்கின்றது.

ஈழத்தவர்க்கும் தமிழர்க்கும் இம்முற்றம் அந்நியமானதன்று. சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பி 1295 இல் ஊர் சேர்ந்த போலோ, ஜெனோவாச் சிறையில் 1298 இற் சொல்லி எழுதுவித்த நூலிலே, இலங்கையின் மாணிக்கங்களையும் சிவனொளிபாத மலையையும் குறித்துள்ளார். இலங்கைக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் நிகழ்ந்த முத்துக்குளிப்பினையும், பாண்டிய நாட்டுக் காயற்பட்டினத்துக்கு வந்த குதிரைக் கப்பல்களையும் அவர் விரித்துரைக்கின்றார். குளிப்போரைச் சுறாக்கள் தீண்டாவண்ணம் மந்திரத்தாற் கட்டுவோர்க்கு முத்திற் பங்கு கொடுக்கப்பட்டமையையும் அவர் கூறத் தவறவில்லை. பாண்டியர் காலத் துறைமுக வாழ்வை ஆராய்வோர் இன்றும் நாடும் சான்றுகளுள் ஒன்று இவ்வொடுங்கிய முற்றத்து வாசியின் வாய்மொழியாகும். 1324 இல் இறந்த அவரது கல்லறை இருந்தவிடம் தெரியாது மறைந்தது. முற்றத்தின் பெயர் மட்டும் மறையவில்லை.

நீர்நடுவே நீர்வேட்கை

இவ்வாறு நடந்து செல்பவன் சதுக்கந்தோறும் முற்றந்தோறும் காணும் பொருள் ஒன்றுண்டு. அது கல்லாற் செதுக்கிய கிணற்றுக்கட்டு. வெனிஸ் மாந்தரின் அறிவுத்திறனுக்கு எவ்வரண்மனையையும்விட இக்கிணறே சிறந்த சான்றாகும்.

நாற்புறமும் நீர் சூழ்ந்த இந்நகரிற் குடிநீர் இல்லை. நிலத்தைத் தோண்டினால் உவர்நீரே ஊறும். எனவே அவர்கள் நிலத்தடி நீரை நாடாது வானத்து நீரை நாடினர். சதுக்கத்தைப் பல அடி ஆழத்துக்கு அகழ்ந்து, உவர்நீர் உட்புகாதவாறு அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணை இறுகப் பூசினர். அத்தொட்டியின் நடுவே செங்கல்லால் ஒரு கிணற்றுக் குழாயை எழுப்பி, சுற்றிலும் மணலை நிரப்பினர். மேலே கல் பாவி, துளையிட்ட கற்களை இடையிடையே வைத்தனர். சதுக்கத்திற் பெய்த மழை அத்துளைகளால் இறங்கி, மணலால் வடிக்கப்பட்டுத் தெளிந்து, நடுக்கிணற்றிற் சேர்ந்தது. ஆகவே கிணறென நாம் காண்பது அமைப்பின் வாய் மட்டுமே; சதுக்கம் முழுவதும் அதன் வயிறாகும்.

பொதுக் கிணறுகள் மூடியிட்டுப் பூட்டப்பட்டிருந்தன. மணியோசை கேட்டதும் குறித்த வேளைகளில் அவை திறக்கப்பட, அயலார் குடங்களோடு கூடினர். பெருங்கடல்நீர் ஏறிச் சதுக்கத்தை மூடினால் நீர் முழுவதும் உவர்ப்பாகிவிடும். அதனாற் பல கிணறுகள் படிகளின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டன. மழை பொய்த்தபோது பிரெந்தா ஆற்றுநீர் படகுகளிற் கொண்டுவரப்பட்டது. 1884 இல் பெருநிலத்திலிருந்து குழாய்நீர் வந்தபின் கிணறுகள் உலோக மூடிகளால் அடைக்கப்பட்டன. ஆயினும் அவற்றின் கல்விளிம்பிற் கயிறு உராய்ந்து உண்டாக்கிய தழும்புகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். பல தலைமுறை மக்களின் உழைப்பை இத்துணைத் தெளிவாக உரைக்கும் கல்வெட்டு வேறு யாதுளது?

கீழ்த்திசை எல்லை

போலோவின் முற்றத்திலிருந்து கிழக்கே நடந்தால், 12 ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த கப்பற்கட்டு நிலையமாகிய ஆர்சனலின் மதில்கள் எதிர்ப்படும். தாந்தே தமது காவியத்தில் நரகத்துக்கு உவமை கூறியது இங்குக் கொதித்த கீலையே. வாயிலிற் காவலிருக்கும் சிங்கங்களுள் ஒன்று 1687 இல் ஏதென்சின் துறைமுகத்திலிருந்து கவர்ந்து வரப்பட்டது. அதன் தோளில் 11 ஆம் நூற்றாண்டளவில் வடநாட்டுப் படைவீரர் பொறித்த உரூன் எழுத்துக்கள் உள. கிரேக்கச் சிங்கத்தில் வடநாட்டார் எழுத்து. அது நிற்பதோ இத்தாலியிலே!

இன்னும் கிழக்கே, நகரின் விளிம்பிலுள்ளது சான் பியெத்ரோத் தீவு. 1807 வரை வெனிசின் தலைமைத் தேவாலயம் இங்குள்ள கோயிலே; சான் மார்க்கோ அதுகாறும் தோஜேயின் தனிக்கோயிலாகவே இருந்தது. இங்கே புனித பேதுருவின் இருக்கை எனப் போற்றப்படும் கல்லாசனத்தின் முதுகில் அரபு எழுத்தில் திருக்குர்ஆன் வாசகங்கள் காணப்படுகின்றன. அது முஸ்லிம் ஒருவரின் கல்லறைக் கல்லாய் இருந்ததே காரணம். கோயிலின் முன்னே மரங்களும் புல்லும் செறிந்த வெளி பரந்துளது. காம்போ என்னும் சொல்லின் பழம்பொருளைக் கண்ணாற் காணத்தக்க இடம் இதுவே.

குடிகளே நகரம்

இத்துணைச் சிறப்புடைய உள்வீதிகளை இன்று சூழ்ந்துள்ள இடர் கடலன்று. 1966 நவம்பர் 4 இல் கடல்நீர் 194 சதமமீற்றர் உயர்ந்து கீழ்த்தள வீடுகளைப் பாழாக்கியது உண்மையே. அதற்கு மறுமொழியாக எழுந்த இயங்கு மதகுகள் 2020 ஒக்ரோபர் முதல் பெருக்குகளைத் தடுத்துவருகின்றன. ஆனால் மக்கள் வெளியேறுதலைத் தடுக்கும் மதகு இன்னும் அமைக்கப்படவில்லை. 1951 இல் ஏறத்தாழ 175,000 மக்கள் வாழ்ந்த பழைய நகரத்தில் 2022 இல் 50,000 க்கும் குறைந்தோரே எஞ்சினர். பெருநிலத்துத் தொழிலும் வசதியான வீடுகளும் அவர்களை ஈர்த்தன. எஞ்சிய வீடுகளோ வந்துபோவோருக்கு நாள்வாடகை விடுதிகளாயின. ரியால்ற்றோவுக்கு அண்மையில் மருந்துக்கடை ஒன்றின் சாளரத்தில், எஞ்சிய குடிகளின் தொகையைக் காட்டும் எண்பலகை 2008 இல் வைக்கப்பட்டது. ஒருநாள் வருவோரிடம் 2024 இல் நுழைவுக் கட்டணம் அறவிடத் தொடங்கினர். கட்டணம் கூட்டத்தைக் குறைக்கலாம். வெளியேறியவரை மீட்குமோ என்பதே வினா.

அரண்மனையைக் காக்கக் காவலாளர் போதும். ஒழுங்கையைக் காக்க அதில் வாழ்வோர் வேண்டும். கிணற்றுக்கட்டில் விளையாடச் சிறுவரும், போறணைக்குச் செல்லும் தாயரும், அயலாரை வினவும் முதியோரும் இல்லாதவிடத்துச் சதுக்கம் வெறுங்கல்லாகிவிடும். வெனிசின் உள்வீதிகளில் நடப்பவன் அறிந்துகொள்ளும் பேருண்மை இதுவேயாகும்: கல்லும் சுதையும் நகரத்தின் உடல், அதன் உயிர் குடிகளே.